அச்சுக்கு அச்சு எத்தனை அங்குலம்?

பார வண்டி ஓட்டியவருக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டையை முன்னால் தள்ளி அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் தள்ளினால் வண்டி தூக்கிக்கொண்டு பூட்டாங்கயிறு குரல்வளையை இறுக்கும். அமெரிக்காவில் ஓடும் பதினெட்டுச் சக்கர லாரிக்கும் இதே கணக்குத்தான்.

அங்கே புதிய இழுவை லாரிக்கு ஆர்டர் எழுதும் தாளில் 'வீல்பேஸ்' என்று ஓர் இடம் இருக்கிறது. முன் அச்சிலிருந்து பின் இரட்டை அச்சின் நடுப்புள்ளி வரை எத்தனை அங்குலம் என்பதே அதன் பொருள். துறைமுகத்திலும் நகரத்திலும் ஓடுகிற, படுக்கை இல்லாத லாரிக்கு 170, 180 அங்குலம் போதும். படுக்கையோடு நெடுந்தூரம் போவதற்கு 220 முதல் 250 வரை வைக்கிறார்கள். குட்டையான வண்டி சிறிய முற்றத்திலும் திரும்பும். ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் முன்னும் பின்னும் ஆடி டிரைவரின் இடுப்பை உடைக்கும். நீளமான வண்டி மெத்தென்று போகும். ஆனால் திரும்ப இடம் கேட்கும், சட்டத்தின் சொந்த எடையும் கூடும், அந்த அளவுக்குச் சரக்கு குறையும்.

இந்த அங்குலத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

1982க்கு முன் பல மாநிலங்கள் லாரி, டிரெய்லர் இரண்டும் சேர்ந்து இத்தனை அடிதான் என்று வரம்பு கட்டியிருந்தன. முதலாளி என்ன செய்தார்? இழுவை லாரியில் வெட்டிய ஒவ்வோர் அடியையும் சரக்குப் பெட்டியில் சேர்த்தார். டிரைவரின் அறையை எஞ்சினுக்கு மேலேயே தூக்கி வைத்தார்கள். காலடியில் எஞ்சின் சூடு, இருக்கைக்கு நேர் கீழே முன் அச்சு! 1982ல் வந்த மத்திய சட்டம் பெரிய சாலைகளில் அந்த மொத்த நீள வரம்பை நீக்கி, 48 அடி டிரெய்லரை எல்லா மாநிலங்களும் அனுமதிக்க வேண்டும் என்றது. இன்று 53 அடி சாதாரணம். இழுவை லாரியைக் குறுக்குவதால் இனி லாபம் இல்லை என்றானதும் எஞ்சின் மேல் அறை வைத்த வண்டிகள் படிப்படியாக நெடுஞ்சாலையிலிருந்து பெரும்பாலும் மறைந்தன. டிரைவரின் முதுகின் மேல் திடீரென்று வந்த இரக்கமா அது?

ஐரோப்பாவில் மொத்த நீளம் 16.5 மீட்டர் என்ற வரம்பு இருப்பதால் அந்த அமைப்பே இன்னும் ஓடுகிறது. ஆனால் அங்கே அறையையே காற்று ஸ்பிரிங்கில் நிறுத்துகிறார்கள். எனவே நீளம் ஒன்றே எல்லாம் அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாலங்களுக்குச் சட்டம் இருக்கிறது. ஐந்து அச்சு லாரியின் மொத்த எடை 80,000 ராத்தல், அதாவது சுமார் 36 டன், வரை போக வேண்டுமானால் முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் 51 அடி இடைவெளி வேண்டும் என்று 1974ம் ஆண்டுச் சட்டத்தின் சூத்திரம் சொல்கிறது. நியாயமான சட்டம்தான். டிரைவரின் முதுகெலும்புக்கு அப்படி ஒரு சூத்திரம் எங்கே? பெரும்பாலோருக்குக் கூலி மைல் கணக்கில். 1938ம் ஆண்டுத் தொழில் சட்டமே மாநிலம் தாண்டி ஓட்டும் டிரைவர்களை ஓவர்டைம் உரிமையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. இடுப்பு வலித்தால் நிறுத்த முடியுமா? நிறுத்தினால் மைல் ஏறாது, கூலியும் ஏறாது.

கடன் வாங்கிச் சொந்த லாரி ஓட்டுகிறவர் சிலர் 280, 300 அங்குலம்கூட எழுதுகிறார்கள். பகட்டு என்று அவர்களைக் கேலி செய்வோர் உண்டு. பகட்டும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது; ஆனால் நாம் கேலி செய்ய மாட்டோம். கம்பெனி டிரைவருக்குக் கேட்காமலே கிடைக்க வேண்டியதை அவர் மாதத் தவணை கட்டி வாங்கிக்கொள்கிறார். பெயர் முதலாளி, வேலை கூலியாள் வேலை!

மில்லில் புது மெஷின் இறக்கும்போது இரண்டு வரிசைக்கு நடுவே எவ்வளவு சந்து விடுவது என்று அதில் நாள் முழுதும் நடக்கப்போகிறவரைக் கேட்கிறார்களா? அதே கதைதான் இதுவும். எந்த முற்றத்தில் திரும்ப வேண்டும், ஒரு நாளில் எத்தனை மைல், இரவில் எங்கே படுக்கை என்பதெல்லாம் டிரைவருக்குத் தெரியும். கூலியும் நேரமும் பேசுகிற மேசையில் சங்கங்கள் இந்த ஆர்டர் தாளையும் வைக்க வேண்டும். அங்குலத்தோடு இருக்கை, அறையின் ஸ்பிரிங், படுக்கை ஆகியவற்றையும் அதிலேயே எழுதிக் கேட்கலாம்.