விருந்தாளிக்கு ஒரு காரத் தட்டு

புதுக்கோட்டை என்றவுடன் தொண்டைமான் ஆண்ட சமஸ்தானத்தை நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இன்னொரு புதுக்கோட்டை இருக்கிறது. கடலும் உப்பளமும் அதிக தூரமில்லை. மாலையில் விருந்தாளி வந்தால், அந்தப் பக்கத்துச் சாமான்களைக் கொண்டே அருமையான காரத் தட்டு வைத்துவிடலாம்.

ஆனால் நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது என்ன? விருந்தாளி கூடத்தில், வீட்டுக்காரி அடுப்படியில். பஜ்ஜி, வடை, போண்டா என்று ஒவ்வொரு ஈடாகச் சுட்டு அனுப்பிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் வெளியே வரும்போது, வந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பத்து வருஷம் கழித்து வந்த தோழியோடு பத்து வார்த்தை பேச முடிவதில்லை. இது என்ன உபசாரம்?

ஆகவே ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். தட்டில் ஐந்து பண்டம் இருக்கட்டும். அந்த நேரத்தில் அடுப்பில் வேகிறது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். ஆறு பேருக்குக் கணக்குச் சொல்கிறேன்.

முதலாவது, கடையில் வாங்குவது: சாத்தூர்க் காராச்சேவு 200 கிராம். கடைப் பண்டம் வைப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. டப்பாவிலிருந்து கடைசி நிமிஷத்தில் எடுங்கள். கடற்காற்றுப் பட்டால் நமத்துவிடும். தனிக் கிண்ணத்தில் வையுங்கள், சுண்டலின் ஈரம் அதில் படக் கூடாது.

இரண்டாவது, முன்பே செய்து வைப்பது: வெள்ளைப் பட்டாணிச் சுண்டல். 250 கிராம் பட்டாணியை இரவே ஊறவைத்து, மறுநாள் குழையாமல் வேகவைத்துத் தாளித்துவிடுங்கள். தேங்காய்த் துருவலையும் மாங்காய்த் துண்டுகளையும் பரிமாறும்போது சேர்த்தால் போதும்.

மூன்றாவது, அடுப்பே வேண்டாதது: வெள்ளரிக்காய்த் துண்டுகள். நாக்குக்குக் குளிர்ச்சி.

நான்காவதுதான் சுடச்சுட வரவேண்டியது: நெத்திலி வறுவல். சுத்தம் செய்த அரைக் கிலோ நெத்திலிக்கு மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது 1 தேக்கரண்டி, அரிசி மாவு 2 மேஜைக்கரண்டி, அரை மூடி எலுமிச்சைச் சாறு, உப்பு. அரை மணி ஊறட்டும். விருந்தாளி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் எண்ணெயைக் காயவையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால்தான் மொறுமொறுப்பு. சைவ வீடுகளில் இதே இடத்தில் பருப்பு வடை. மாவை முன்னதாகவே அரைத்துவிடலாம். இரண்டும் செய்வதானால் எண்ணெய்ச் சட்டியும் இரண்டு, தட்டும் இரண்டு!

ஐந்தாவது, காரத்துக்கு நடுவே ஓர் இனிப்பு: தூத்துக்குடி மக்ரூன். முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்ந்தது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

உப்பு விளைகிற சீமை என்பதற்காக எல்லாவற்றிலும் உப்பை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். காராச்சேவில் ஏற்கெனவே உப்பு உண்டு, சுண்டலில் குறைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தக்காரர் இல்லாத வீடு இன்று எங்கே இருக்கிறது?

இந்த மிளகாயே ஒரு விருந்தாளிதான், தெரியுமோ? அமெரிக்காக் கண்டத்தில் பிறந்து, போர்த்துக்கீசியக் கப்பல்கள் வந்த பிறகே நம் நாட்டு அடுப்படிக்குள் நுழைந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் தந்தது மிளகு. வந்த விருந்தாளி மிளகின் பெயரையே எடுத்துக்கொண்டு நிரந்தரமாகத் தங்கிவிட்டது!

காரம் தலைக்கேறினால் சிலர் தண்ணீராய்க் குடிப்பார்கள். பயனில்லை. மிளகாயின் எரிச்சல் சத்து தண்ணீரில் கரையாது. பாலில் உள்ள புரதம்தான் அதை நாக்கிலிருந்து விலக்கும். ஆகவே கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட மோர் ஒரு கூஜா தயாராக இருக்கட்டும். அதை டம்ளரில் ஊற்றிக் கொடுக்கும் வேலையை வீட்டு ஐயாவிடம் ஒப்படையுங்கள். மோர் ஊற்றுவதற்குப் பயிற்சி ஒன்றும் வேண்டாம்.

பிறகு உங்களுக்கு மிச்சம் ஒரே வேலை. அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தோழியின் பக்கத்தில் உட்காருங்கள். தட்டிலிருந்து முதல் நெத்திலியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்!