பயிற்சி மாணாக்கர் கையிற் பதிவேடு

எம் பிள்ளைகள் வைத்தியராகவேண்டுமென நாம் யாவரும் விரும்புகிறோம். வைத்தியருக்குப் பின்னே நிற்கும் நிருவாகத்தை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

1926 ஆம் ஆண்டிலே இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு களுத்துறையில் நிறுவப்பெற்றது. அவ்வழி வளர்ந்த சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளே இன்றும் ஊர்நலம் பேணி வருகின்றன. குடும்பநல உத்தியோகத்தர் வீடுவீடாகச் சென்று எழுதும் பதிவு தவறின், கர்ப்பிணித் தாயொருவர் கணக்கிலிருந்தே விடுபட்டுப் போகலாம். தடுப்புமருந்து 2 பாகை முதல் 8 பாகை செல்சியசு வரையான குளிரில் இருந்ததா என்பதைக் குறித்து வையாவிடின், அது பழுதுற்றதை எவரும் அறியார்.

இத்தகைய பணிமனைக்குப் பயிற்சிக்கென வரும் பல்கலைக்கழக மாணாக்கரைக் கோப்புச் சுமக்கவும் பிரதி எடுக்கவும் மாத்திரம் ஏவுதல் முறையன்று. நோயாளர் பற்றிய செய்திகளை வெளியிடாது காக்கும் கடமையை முதல் நாளிலேயே உணர்த்தி, தக்க மேற்பார்வையுடன் ஒரு பதிவேட்டை அவர்களிடம் ஒப்படைத்தல் வேண்டும். அதனால் வேலை தாமதமாகும் என்பர் சிலர். உண்மையே, ஆயினும், பழகாத கையில் நாளை பணிமனை முழுவதையும் கொடுப்பதினும் இத்தாமதம் நன்று.

சுகாதாரத் துறையிற் பதவி வகிக்கும் பழைய மாணவர்காள்! உங்கள் மேசையருகே ஒரு நாற்காலி இடுங்கள். கல்லூரித் தாய்க்கு நாம் பட்ட கடன் கட்டிடங்களோடு தீர்வதன்று.