நைட்டு சார்ஜ் போட்டா கரண்ட் பில் குறையுமா?

எலக்ட்ரிக் கார் வாங்கின பலர் ராத்திரி 11 மணி வரைக்கும் முழிச்சிருந்து சார்ஜ் போடுறாங்க. கேட்டா, "நைட்ல யூனிட் ரேட் கம்மி" என்கிறார்கள். இங்கிலாந்து, அமெரிக்கா வீடியோக்களில் அப்படிச் சொல்வது உண்மைதான். அங்கே பல கம்பெனிகள் நள்ளிரவு நேரத்துக்குத் தனி ரேட் தருகின்றன. ஆனா தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கு அது பொருந்தாது.

நம்ம மீட்டருக்கு மணி தெரியாது. மத்தியானம் 2 மணி யூனிட்டும் ராத்திரி 2 மணி யூனிட்டும் ஒரே விலைதான். விலையை முடிவு பண்றது ஸ்லாப்.

காருக்கு எவ்வளவு ஆகுது?

ஒரு ஏசி இருக்கிற வீடு, ரெண்டு மாசத்துக்கு 450 யூனிட் ஓடுதுன்னு வெச்சுக்குவோம். கார் மாசம் 1,000 கி.மீ. ஓடினா, ரெண்டு மாசத்துக்குச் சுமார் 300 யூனிட் கூடும். மொத்தம் 750.

இந்த 300 யூனிட்டும் பில்லோட அடியில போய் உட்காராது, உச்சியில போய் உட்காரும். முதல் 50 யூனிட் 6 ரூபாய் சொச்சம். அடுத்த 100 யூனிட் 8 ரூபாய் சொச்சம். மீதி 150 யூனிட் 9 ரூபாய்க்கு மேல். போதாததற்கு 500 யூனிட்டைத் தாண்டியதும், 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்துவந்த பாதி விலைச் சலுகையும் போய்விடும். எல்லாம் சேர்த்தால் காருக்கு மட்டும் சுமார் ரூ.2,800.

பயப்படாதீங்க. அப்பவும் கி.மீ.க்கு ரூ.1.40 தான். 15 கி.மீ. மைலேஜ் தரும் பெட்ரோல் காரா இருந்தா, லிட்டர் 100 ரூபாய்னு போட்டாலே இதே தூரத்துக்கு ரூ.13,000 தாண்டும். அதனால கார் நஷ்டம் இல்லை. தப்பான இடத்துல மிச்சம் தேடுறதுதான் பிரச்சினை.

சரி, எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

உச்சி ஸ்லாப்பில் நிற்கும் வீட்டில் குறைக்கிற ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய்க்கு மேல் மிச்சம். பழைய 75 வாட்ஸ் ஃபேனை பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 40 வாட்ஸ் குறையும். தினம் 15 மணி நேரம் ஓடும் மூன்று ஃபேனை மாற்றினால் ரெண்டு மாசத்துக்கு 108 யூனிட், அதாவது சுமார் 1,000 ரூபாய். ஃபேன் ஒன்று ரூ.3,000 என்றாலும் ஒன்றரை வருஷத்தில் போட்ட காசு திரும்ப வந்துடும். எத்தனை ராத்திரி முழிச்சிருந்தாலும் இது கிடைக்காது.

அடுத்து, பெரிய சார்ஜர் தேவையான்னு யோசிங்க. ஒழுங்கா எர்த் பண்ணின 15 ஆம்ப் பாயிண்ட்ல 8 மணி நேரத்துல சுமார் 24 யூனிட் ஏறும். கிட்டத்தட்ட 150 கி.மீ. ஓடலாம். தினம் 40 கி.மீ. ஓடுறவங்களுக்கு இது தாராளம்.

சொந்த மாடி இருந்தா சோலார் பாருங்க. பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் உண்டு. அது ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் தரும். நெட் மீட்டரிங்கில் அந்த யூனிட் கழிவது உச்சி ஸ்லாப்பில் இருந்துதான்.

நேரத்துக்கேற்ற கட்டணம் வந்தால்?

மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த விதித் திருத்தப்படி, ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்கும் நேரத்துக்கேற்ற கட்டணம் வர வேண்டும். அதில் விலை குறைவு ராத்திரிக்கு இல்லை, வெயில் நேரத்துக்கு: குறைந்தது 20 சதவீதம். சோலார் மின்சாரம் அப்போதுதானே மலிவாகக் கிடைக்கிறது! பக்கத்து கேரளாவில் மாசம் 250 யூனிட்டுக்கு மேல் போகும் வீடுகளுக்கு இது நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே பகலில் 10 சதவீதம் குறைவு, மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் அதிகம்.

இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம். பகல் 12 மணிக்கு வேலைக்குப் போறவங்க கார் எங்கே நிற்கும்? ஆபீஸ் பார்க்கிங்கில். அங்கே பிளக் பாயிண்ட் இல்லைன்னா, சலுகை பேப்பரில் மட்டும்தான் இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமைக்கிற குடும்பம்தான் அதிக ரேட்டைக் கட்டும். அதனால நம்ம ஊருக்கு இந்தக் கட்டணம் வரும்போது, ஆபீஸ், அடுக்குமாடி பார்க்கிங்ல சார்ஜிங் வசதியும் கூடவே வரணும். இல்லாட்டி அது பகலில் வீட்டில் கார் நிற்கிறவங்களுக்கு மட்டும் கொடுத்த தள்ளுபடி ஆகிவிடும்.

அதுவரைக்கும் கடிகாரத்தை விடுங்க. உங்க கடைசி பில்லை எடுத்து, எந்த ஸ்லாப்பில் முடியுதுன்னு பாருங்க. காருக்கு நீங்க கட்டுற உண்மையான யூனிட் விலை அதுதான். ராத்திரி நிம்மதியா தூங்குங்க.