பழைய ஆம்ப்ளிபையருக்கு மாற்று டிரான்சிஸ்டர்

தாராவியிலிருந்து ஓர் அம்மையார் நம் பகுதிக்குக் கடிதம் விடுத்திருக்கிறார். காலஞ்சென்ற அவருடைய கணவர் 1978ஆம் ஆண்டில் மில் போனஸில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிபையர் ஒன்று அவர் இல்லத்தில் இருக்கிறது. காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் நாகசுர இசைத்தட்டுகளை ஞாயிறுதோறும் அதில் வைத்துக் கேட்பது அப்பெரியவரின் வழக்கமாம். சென்ற ஆண்டு அதன் வலப்பக்கம் ஓய்ந்தது. இவ்வாண்டு இடப்பக்கமும் கரகரக்கத் தொடங்கிவிட்டது. பழுதுபார்க்க வந்தவர், "இதற்கெல்லாம் இப்போது சாமான் வருவதில்லை, பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார். பேரனோ புளூடூத் பெட்டி வாங்கித் தருவதாகச் சொல்கிறான். "போட்டுவிடத்தான் வேண்டுமா?" என்பது அம்மையாரின் வினா.

வேண்டியதில்லை என்பதே நம் விடை. நமக்குத் தொழில் ரயில்வேயில் எழுத்துப்பணி. பொறியியல் பட்டம் ஏதும் இல்லை. எனினும் பல ஆண்டுகளாகப் பழைய ரேடியோக்களோடும் ஆம்ப்ளிபையர்களோடும் பழகிவரும் உரிமையில் இதனை எழுதுகிறோம்.

நல்வேளையாகப் பேரன் பெட்டியைத் திறந்து உள்ளே படமெடுத்து அனுப்பியிருக்கிறான். பின்புறத்து அலுமினியத் தகட்டில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு உலோக வில்லைகள் இருக்கின்றன. அவற்றின்மேல் 2என்3055 என்ற எண் தெளிவாகவே தெரிகிறது. இது அருமையான சாமானே அன்று. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1960களில் வெளியிட்ட இந்த எண்ணைப் பின்னர் உலகின் பல நிறுவனங்கள் செய்தன, இன்றும் செய்கின்றன. அக்காலத்தில் என்பிஎன் வகைப் பெரிய சிலிக்கன் டிரான்சிஸ்டர் மலிவாகவும், அதற்கு இணையான பிஎன்பி வகை விலை உயர்ந்ததாகவும் இருந்தன. ஆதலின் ஆம்ப்ளிபையர் செய்தோர் இரு பாதிக்கும் ஒரே 2என்3055ஐ இட்டுச் சமாளித்தனர். அம்மையார் வீட்டுப் பெட்டியும் அவ்வகையினதே.

லாமிங்டன் சாலையில் பத்துக் கடையில் கேட்டால் எட்டில் இது கிடைக்கும். ஆனால், கிடைப்பது எது என்பதே கேள்வி. கடைக்காரர் முதலில், "கம்பெனி மாலா, லோக்கலா?" என்று கேட்பார். லோக்கல் என்பது மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வரும். மேலே அச்சிட்ட எண் அசலைவிட அழகாகவே இருக்கும். நம் சங்கத்து நண்பர் ஒருவரிடம் ஒரு கடையில் அத்தகையவை நான்கைக் கொடுத்திருந்தனர். அவற்றுள் ஒன்றின் மூடியை நாம் அரத்தால் அராவித் திறந்து பார்த்தோம். சுட்டுப்போன பழையதனுள் துவரம்பருப்பளவுச் சிலிக்கன் சில்லு இருந்தது. புதியதனுள் இருந்ததோ கடுகினும் சற்றே பெரியது. விவரத்தாளில் 2என்3055க்கு 15 ஆம்பியர், 60 வோல்ட், 115 வாட் என்று போட்டிருக்கிறது. அந்த 115 வாட்டும் வில்லையின் உடல் 25 டிகிரிச் சூட்டிலேயே இருந்தால்தான். கடுகளவுச் சில்லு இதில் எவ்வளவைத் தாங்கும்? மெல்லிய ஒலியில் பாடும். திருவிழா ஒலிக்கு ஏற்றிய அன்றே போய்விடும். போகும்போது தான் மட்டும் போவதில்லை. சில்லு உருகி உள்ளே ஒட்டிக்கொண்டால் மின்சாரம் நேரே ஸ்பீக்கருக்குப் பாய்ந்து அதன் சுருளையும் கருக்கிவிடும். ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் இணையற்ற பழைய ஸ்பீக்கரை இழந்தவர் உளர்.

அசலே கிடைத்தாலும் ஒரு நுட்பம் உண்டு. ஆர்.சி.ஏ.யின் பழைய 2என்3055 சோம்பலான பொருள், அது 0.8 மெகாஹெர்ட்ஸ் அளவிலேயே தளர்ந்துவிடும். இன்று வேறு முறையில் செய்யப்படுவது குறைந்தது 2.5 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும். விரைவு நல்லதுதானே எனலாம். ஆனால் பழைய சர்க்யூட், சோம்பலை நம்பி வகுக்கப்பட்டது. விரைவானதை இட்டால் நம் செவிக்கு எட்டாத உயரத்தில் ஆம்ப்ளிபையர் தானே ஊளையிடத் தொடங்கக்கூடும். பாட்டு இல்லாதபோதும் தகடு கொதித்தால் இதனை ஐயுற வேண்டும். கைதேர்ந்த மெக்கானிக் ஒரு சிறு கெப்பாசிட்டர் இட்டு இதை அடக்குவார். எல்லாப் பெட்டியிலும் நேர்வதன்று. நேர்ந்தால் சாமான் போலி என்று கடையில் போய்ச் சண்டையிடாதிருக்கவே சொல்கிறோம்.

வோல்ட்டையும் அளக்க வேண்டும். பெட்டியின் மின்வழங்கியில் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இடையே 60 வோல்ட்டை நெருங்கினால் 2என்3055க்கு அது விளிம்பு. அங்கே எம்.ஜே. 15015 என்பதை இடலாம். அது அதே வடிவம், 120 வோல்ட், 180 வாட். சற்று விலை கூடுதல்.

ஒரு பக்கத்தில் ஒன்று போயிருந்தாலும் அப்பக்கத்து இரண்டையும் மாற்றுவதே முறை. அதற்குமுன் அதை இயக்கும் நடுத்தர டிரான்சிஸ்டர்களையும், அருகிலுள்ள வெள்ளைச் சிமெண்டு ரெசிஸ்டர்களையும் சோதிக்க வேண்டும். அவற்றுள் ஒன்று செத்திருக்கப் புதிய வில்லையைப் பூட்டுவது, தண்டவாளம் முறிந்த இடத்தில் புது எஞ்சினை ஓட்டுவதற்கு ஒப்பாகும். நம் நாட்டுப் பெட்டிகளில் இந்த நடுத்தர வேலைக்குப் பெரும்பாலும் எஸ்.எல். 100, எஸ்.கே. 100 என்னும் இணை இருக்கும். கடையில் சி.எல். 100, சி.கே. 100 கொடுத்தால் அஞ்ச வேண்டாம். செய்த நிறுவனம் வேறு, பொருள் ஒன்றே.

வில்லையின் உலோக உடலே அதன் கலெக்டர். ஆகவே தகட்டுக்கும் வில்லைக்கும் இடையில் மைக்கா ஏடு, இருபுறமும் வெள்ளைப் பசை, திருகுகளுக்குக் காப்பு வளையம் ஆகியவை அவசியம். பழைய மைக்கா விண்டிருந்தால் புதியது வாங்குக. மாற்றியபின் நேரே பிளக்கில் செருகலாகாது. 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தே முதலில் மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நலம். விடாமல் பிரகாசித்தால் உள்ளே இன்னும் கோளாறு இருக்கிறது, உடனே அணைத்துவிடுக. இது மெக்கானிக்கின் வேலை; பேரன் அருகிருந்து பார்க்கலாம், கைவைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

சிறு டிரான்சிஸ்டர்களின் கதை வேறு. ஜப்பானியப் பெட்டி வைத்திருக்கும் அன்பர்கள் சி1815 என்ற எண்ணைக் கண்டிருப்பர், முழுப்பெயர் 2எஸ்சி1815. முன்னுள்ள 2எஸ் என்பதை உடலில் அச்சிடுவதில்லை. அதற்குப் பதில் பி.சி. 547 தருவார்கள். பல இடங்களில் தாராளமாகப் பொருந்தும். ஆனால் கால்களின் வரிசை வேறு. தட்டைமுகம் நம்மை நோக்க, கால் கீழிருக்கப் பிடித்தால், பி.சி. 547க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். ஜப்பானியதற்கு எமிட்டர், கலெக்டர், பேஸ். பழைய ஓட்டைகளில் அப்படியே செருகினால் வேலை செய்யாது. கால்களை வளைத்துக் குறுக்கே இட வேண்டும். கடைசி எழுத்தையும் விடாதீர்கள். பி.சி. 547இல் ஏ என்பது 110 முதல் 220 மடங்கு பெருக்கும். பி 200 முதல் 450. சி 420 முதல் 800. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்பார். ஒன்றல்ல.

செம்பூரிலிருந்து ஓர் அன்பர் 1960களின் ரேடியோகிராமுக்கு ஏ.சி. 128 கேட்டிருக்கிறார். இதுதான் உண்மையிலேயே கடினமானது. ஏ என்று தொடங்கும் ஐரோப்பிய எண் ஜெர்மானியத்தைக் குறிக்கும், பி சிலிக்கனை. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1962ஆம் ஆண்டிலிருந்து ஜெர்மானியச் சாமான்களைச் செய்தது. பழைய பெட்டிகள் பலவற்றில் அதன் முத்திரையைக் காணலாம். ஜெர்மானியம் 0.2 அல்லது 0.3 வோல்ட்டில் திறந்துகொள்ளும், சிலிக்கனுக்கு 0.6க்கு மேல் வேண்டும். ஆகவே பிஎன்பி சிலிக்கன் ஒன்றை அதே இடத்தில் இட்டால் அது பாதி உறக்கத்தில் கிடந்து ஒலியைச் சிதைக்கும். ரெசிஸ்டர்களை மாற்றித் திருத்தலாம். ஆயின் அது வேறு சர்க்யூட் ஆகிவிடும். நம் கருத்தில் முதலில் தேட வேண்டிய இடம் சோர் பஜார். அங்கே ஓடாத பழைய பாக்கெட் ரேடியோக்களை எடைக்குத் தருவர். உள்ளே ஒரு ஜோடி ஏ.சி. 128 உயிரோடு இருக்க வாய்ப்புண்டு. கையில் மல்டிமீட்டர் கொண்டு செல்க. டையோடு நிலையில் வைத்து பேஸ், எமிட்டர் கால்களைத் தொட்டால் 200, 300 என்று காட்ட வேண்டும். 600 காட்டினால் அது ஏ.சி. 128 என்று பெயர் எழுதிய சிலிக்கன். நாமே அத்தகையன இரண்டு மூன்று பார்த்திருக்கிறோம். எமிட்டர், கலெக்டர் இரண்டிடையே பெருங்கசிவு இருந்தாலும் வேண்டாம். ஜெர்மானியம் சூட்டில் கசியும், கசிந்தால் மேலும் சூடாகும், இறுதியில் தன்னையே எரித்துக்கொள்ளும்.

லாமிங்டன் சாலைக்கு மாட்டுங்கா ரோடிலிருந்து மெதுவண்டி ஏறிக் கிராண்ட் ரோடில் இறங்குவது எளிது. டிக்கெட் எடுத்து ஏறுக என்று சொல்ல நமக்குச் சற்று உரிமையுண்டு. பழைய வில்லையைக் கழற்றித் தாளில் மடித்து உடன் கொண்டுபோகலாம். எண்ணை வாயால் சொல்வதினும் பொருளைக் காட்டுவது மேல். ரசீது கேட்பவருக்குக் கம்பெனி மாலே வரக் காண்கிறோம்.

இசைத்தட்டு ஊசி எங்கே கிடைக்கும் என்று கேட்டுள்ள மூவருக்கும் அடுத்த திங்கள் எழுதுவோம்.