மலையேறும் முன்னே

ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியில் இன்று நமக்கு எஞ்சியவை 19 பாடல்களே. எனினும் நீலகேசி உரையால் அதன் கதையை அறிகிறோம். வணிகர் குலத்துப் பத்திரை, கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட கள்வன் காளன்மீது காதல் கொண்டாள். தந்தை அவனை மீட்டு மணம் முடித்து வைத்தார். பின்னொரு நாள் ஊடலில், 'நீ கள்வன் அல்லவா?' என்றாள். அச்சொல்லை மனத்துள் வைத்திருந்த அவன், அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று, கொல்லப்போவதாகக் கூறினான். இறக்குமுன் கணவனை வலம்வர வேண்டும் எனக் கேட்டு, பின்னிருந்து அவனைத் தள்ளி அவள் உயிர் தப்பினாள்.

இப்பாடம் நடத்திய ஒருநாள் மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, கள்வன் என்று தெரிந்தும் அவனுடன் ஏன் மலைக்குப் போனாள்?"

'என் அன்பு அவனைத் திருத்திவிடும்' என்ற நம்பிக்கையே காரணம் என்று கருதுகிறேன். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் பெண்ணும், ஆவடியில் மின்தொடர் வண்டி ஏறும் மாணவியும், பூவிருந்தவல்லியில் குடித்தனம் நடத்தும் இளம் மனைவியும் இந்நம்பிக்கையோடுதான் அம்மலையில் ஏறுகின்றனர். முதலில் கைப்பேசியைக் கேட்கிறான். அடுத்துத் தோழியரை விலக்கச் சொல்கிறான். பிறகு சம்பளத்தை வாங்கிக்கொள்கிறான். ஒருநாள் கை ஓங்குகிறான். மறுநாள் அழுது மன்னிப்புக் கேட்கிறான், அவளும் மன்னிக்கிறாள். மீண்டும் அதே கதை. இதனை அன்பென்று அவள் எண்ணுவது தவறு. அதற்காக அவளை ஏசுவது அதனினும் பெருந்தவறு. ஏசப்பட்டவள் மறைக்கத் தொடங்குவாள், மறைப்பவள் தனித்துப்போவாள். அத்தனிமையே மலையுச்சி.

ஆகவே, 'அவனை விட்டுவிடு' என ஆணையிடுமுன் 'நடந்ததைச் சொல்' எனக் கேட்போம். ஒருமுறை அவனிடமே திரும்பிச் சென்றவள் மறுமுறை வந்தாலும் கதவைத் திறப்போம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் அடியை மட்டுமன்று, சுடுசொல்லையும் வருவாயைப் பறிப்பதையும் வன்முறை என்றே கொள்கிறது. 181 என்னும் மகளிர் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. இவற்றை மாணவியர் அறிந்திருத்தல் வேண்டும்.

'பொறுத்துப் போ' என்று அறிவுரை கூறும் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். அடிமைத்தளையினின்று விடுதலை பெற்ற பரீரா அம்மையார், கணவர் முகீஸுடன் தொடர்ந்து வாழ விரும்பவில்லை. அவரோ அழுதுகொண்டே பின்தொடர்ந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவருக்காகப் பரிந்து பேசியபோது, இது கட்டளையா என அம்மையார் வினவினார். பரிந்துரையே என்று அறிந்ததும் மறுத்துவிட்டார். அம்மறுப்பு ஏற்கப்பட்டது. கொடுமை ஏதும் சொல்லப்படாத கணவரின் கண்ணீரே ஒரு பெண்ணைக் கட்டுப்படுத்தவில்லை எனில், அடித்தவன் கண்ணீருக்காக நம் மகளை நாம் வற்புறுத்தலாமா?

பத்திரையின் துணிவு எல்லார்க்கும் வாய்க்காது; வாய்க்க வேண்டிய நிலையும் வரலாகாது. அடிவாரத்திலேயே கைபிடித்து நிறுத்த ஒருவர் இருந்தால் போதும். அந்த ஒருவராக நாம் இருப்போம்.