கூதிர்காலத்துக் கொல்லைப்புறம்



எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்பிற் பயிலும் சிறுமியொருத்தி சென்ற ஐப்பசியில் பாடநூலும் கையுமாய் வந்து நின்றாள். "தாத்தா, இப்போது இலையுதிர்காலமாம். உங்கள் வேப்பமரத்தில் ஓரிலைகூட உதிரவில்லையே, ஏன்?" என்று கேட்டாள். நெடுங்காலம் ஆசிரியப்பணி புரிந்தவனாயினும் விடை கூறுமுன் நான் சற்றுத் தயங்கவே செய்தேன். குளிர்நாட்டுப் பருவத்துக்கு நாம் சூட்டிய பெயரை நம் பிள்ளைகள் நம் கொல்லையில் தேடுகின்றனர்! அங்கே பகல் குறுகிக் குளிர் நெருங்குங்கால், மேப்பிள் போன்ற மரங்கள் பச்சையம் இழந்து, மஞ்சளும் சிவப்புமாய் நிறம் மாறி, இலைகளை உதிர்த்துவிட்டு உறங்கச் செல்கின்றன. நம் வேம்போ மாசி பங்குனியில், மண்ணின் ஈரம் வற்றும் நாளில்தான் இலையுதிர்க்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நமக்கு வாய்ப்பது கூதிர்காலம். அது உதிரும் காலமன்று, தழைக்கும் காலம் என்று சொல்லி அவளைக் கொல்லைப்புறம் அழைத்துச் சென்றேன்.

அக்கொல்லையைப்பற்றி இம்மாதம் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் இல்லத்தில் அதன்மேல் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.

எங்கள் கொல்லை இரண்டு சென்ட் அளவுதான். ஒரு வேம்பு, ஒரு பவளமல்லி, அவரைப் பந்தல் ஒன்று, மதிலையொட்டிப் பீர்க்கு, துவைகல், கிணறு. புரட்டாசி வரை அது புழுதிக் காடாகவே கிடக்கும். வாடைக்காற்று திரும்பி முதல் மழை பெய்த மறுநாள் பாருங்கள்! எங்கிருந்து வந்தனவென்று தெரியாமல் தம்பலப்பூச்சிகள் செம்பட்டு உடுத்து மண்மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றைத் தீப்பெட்டியில் அடைத்து, உண்பதற்குப் புல் இட்டு வளர்க்க முயலாத சிறுவன் எங்கள் காலத்தில் இல்லை. அவை புல் தின்பனவல்ல, சிறு பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும் உண்பன என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். எத்தனை தம்பலப்பூச்சிகள் என்னால் பட்டினி கிடந்தனவோ!

கூதிர்காலத்துக்கு அரசி பவளமல்லிதான். இரவில் மலர்ந்து விடியுமுன் உதிர்ந்துவிடும் இப்பூவைப் பறிக்க வேண்டுவதில்லை. குனிந்து பொறுக்கினாற் போதும். வெண்ணிற இதழ்களுக்குக் கீழே பவளநிறக் காம்பு. முற்காலத்தில் இக்காம்பினின்று சாயம் எடுத்துத் துணிக்குக் காவிநிறம் ஏற்றினர். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் தம் நூலில் இதற்கு இட்ட இலத்தீன் பெயரில் 'துயர மரம்' என்னும் பொருளுடைய சொற்கள் உள்ளன. பகலில் பூவின்றி வாடி நிற்பதால் வந்த பெயர் போலும். விடியற்காலையில் இம்மரத்தடியில் நின்றவர் எவரும் அப்பெயரை ஒப்புக்கொள்ளார்.

மாலையில் வேறொரு காட்சி. பெரும்பாலான காய்கறிச் செடிகள் காலையில் மலர, பீர்க்கோ பொழுது சாயும் வேளையில் தன் மஞ்சட்பூக்களை விரிக்கும்; அந்திப்பூச்சிகள் தேடி வரும். மழைக்காலத்தில் பீர்க்கு புதர்தோறும் பொன்னிறமாய்ப் பூப்பதை நக்கீரர் நெடுநல்வாடையில் பதிவு செய்துள்ளார். அப்பாட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. முகில் மூடிக் கதிரவன் தெரியாத நாளில், பிச்சியரும்பு கட்டவிழ்ந்து மணக்கும் பதத்தைக் கொண்டே மகளிர் மாலைப்பொழுது வந்ததென அறிந்து விளக்கேற்றினராம். எங்கள் வீட்டில் மின்சாரம் நின்று, கடிகாரமும் நின்றுபோன ஓர் அடைமழை நாளில், "பீர்க்கு பூத்துவிட்டது, விளக்கை ஏற்றுங்கள்" என்று என் தாயார் குரல் கொடுத்தார். அவர் நெடுநல்வாடை படித்தவரல்லர்.

அவரையின் கதை சுவையானது. ஆடியில் விதைத்த பந்தல் அவரை, ஆவணி புரட்டாசியெல்லாம் கொடியும் இலையுமாய்ப் படர்ந்து நம் பொறுமையைச் சோதிக்கும். நீரும் எருவும் எவ்வளவு இட்டாலும் பூக்காது. அது காத்திருப்பது நீருக்கன்று, பகல் குறுகுவதற்கு. நம் தென்கோடியில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. நாம் உணராத அச்சிறு குறைவை அவரை உணர்ந்துகொள்கிறது, செவ்வந்தியும் அவ்வாறே. குளிர்நாட்டு மரத்தின் இலையைப் பழுக்க வைக்கும் அதே செய்திதான் நம் பந்தலில் ஊதாப் பூங்கொத்தாய் வெளிப்படுகிறது. இதனைச் சொன்னபோது அச்சிறுமி பாடநூலை மூடி வைத்துவிட்டுப் பந்தலை அண்ணாந்து பார்த்தாள்.

விருந்தினரும் வருவர். கொல்லைமேல் மஞ்சட் தட்டான்கள் கூட்டமாய்ப் பறப்பதைக் கண்டிருப்பீர்கள். இவ்வினத் தட்டான்கள் இப்பருவக் காற்றோடு கடல் கடந்து, மாலத்தீவு வழியே ஆப்பிரிக்கா வரை செல்கின்றன என்று, அத்தீவில் வாழ்ந்த கடலியலார் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார். ஒரு விரல் நீளமும் இல்லாத பூச்சி! அக்டோபரில் வடக்கேயிருந்து தோட்டக்கள்ளன் என்னும் பலநிறக் குருவி வந்திறங்கும். காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் கூவுவதால் ஆறுமணிக்குருவி என்றும் பெயர். இரவெல்லாம் பறந்து களைத்து, சிலவேளை வீட்டுக்குள்ளேயே விழுந்துவிடும். இரண்டாண்டுகளுக்குமுன் எங்கள் அடுக்களைத் திண்ணையில் ஒன்று கிடந்தது. காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து இருட்டாக வைத்தோம். மாலையில் திறந்தவுடன் பறந்து சென்றது.

குழந்தைகள் உள்ள இல்லத்தாருக்கு ஓர் எச்சரிக்கை: வேலியில் செங்காந்தள் பூத்திருந்தால் கண்ணால் கண்டு மகிழுங்கள்; அதன் கிழங்கையோ விதையையோ பிள்ளைகள் வாயில் வைக்கவிடாதீர்கள். கொடிய நஞ்சு அது.

இனி வழக்குக்கு வருவோம். என் தாயாருக்கு வயது எண்பத்து நான்கு. சென்ற கார்த்திகையில் கொல்லையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. வெளியூரில் பணிபுரியும் என் மகன் விரைந்து வந்தான். "அப்பா, கொல்லை முழுவதும் சிமெண்ட் போட்டுவிடுவோம். பவளமல்லியும் வேண்டாம், அது இருந்தால் ஆச்சி விடியுமுன் பூப்பொறுக்கப் போவார்கள்" என்றான். அவன் சொன்னதில் அன்பைத் தவிர வேறொன்றுமில்லை. அதனாலேயே மறுக்க இயலவில்லை. ஒரு முதியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வீடு என்ன ஆகும் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். நானும் ஏறக்குறைய இசைந்துவிட்டேன். கொத்தனாரிடம் விலைகூடக் கேட்டாயிற்று.

அம்மா ஒருநாள் மெல்லச் சொன்னார்: "ஐயா, நான் விழுந்தது மண்ணிலே இல்லையே. துவைகல்லைச் சுற்றிப் போட்ட சிமெண்டிலேதானே விழுந்தேன்."

உண்மைதான்! நீர் இறங்க வழியில்லாத சிமெண்டின்மேல் பாசி படர்ந்திருந்தது. எங்கள் கவலையில் இதை ஒருவரும் எண்ணிப்பார்க்கவில்லை. பிறகு காகிதத்தை எடுத்துக் கணக்கிட்டேன். தமிழகத்துக்கு ஆண்டு மழையில் பாதியளவை நல்குவது வடகிழக்குப் பருவமழை. மாநிலச் சராசரி ஏறத்தாழ 440 மில்லிமீட்டர். அந்த அளவு பெய்தால் எங்கள் இரண்டு சென்ட் கொல்லையில் மட்டும் 35,000 லிட்டர் நீர் விழுகிறது. 2003ஆம் ஆண்டில் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது குழாய் பதித்துக் கூரைநீரைக் கிணற்றுக்கு அனுப்பியவன் நான். மண்ணில் தானே இறங்கும் நீரைச் சிமெண்டால் மூடித் தெருச் சாக்கடைக்கு அனுப்ப முனைந்தேனே!

பவளமல்லியைப்பற்றியும் கூறவேண்டும். அதை நட்டவர் என் தந்தையார். ஆண்டுதோறும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, ஊரார் செவ்வந்திச் சரமும் மெழுகுதிரியுமாய்க் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்வர். அம்மா மட்டும் ஓலைப்பெட்டி நிறையப் பவளமல்லி கொண்டுபோவார். வெயில் ஏறினால் வாடிவிடும் பூவாகையால் முதற்பூசைக்கு முன்பே போய்த் தூவிவிட்டு வருவார். மரம் வேண்டாம் என்று சொன்ன பேரனுக்கு இது தெரியாது. நானும் அவனுக்குச் சொன்னதில்லை.

இம்முறை தொலைபேசியில் சொன்னேன். சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "கைப்பிடி வைக்கலாமே அப்பா" என்றான். அவ்வாறே முடிவு செய்தோம். துவைகல்லைச் சுற்றிய சிமெண்டைப் பெயர்த்துவிடுவது. அடுக்களை வாயிலிலிருந்து பவளமல்லி வரை, செங்கற்களை இடையில் மணலிட்டு நெருக்கி அடுக்கி ஒரு பாதை அமைப்பது. பாதை நெடுக இடுப்பளவு உயரத்தில் இரும்புக் குழாய்க் கைப்பிடி. விடியற்காலையில் ஒரு விளக்கு. செங்கல்லிலும் பாசி பிடிக்கும் என்று கொத்தனார் எச்சரித்தார். வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடரிட்டுத் தேய்ப்பது என் பொறுப்பு என்று எழுதாத உடன்படிக்கை.

இந்த ஆண்டு கல்லறைத் திருநாளுக்குள் பாதை முடியவில்லை. அன்று விடியுமுன் நான் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அம்மா என் தோளைப் பற்றியவாறு எது எதைப் பொறுக்க வேண்டுமென்று சொன்னார். பொறுக்கியவள் அந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி. மழை விட்டதும் வருவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார். மழை இன்னும் விடவில்லை. அம்மா பின்வாயிற்படியில் அமர்ந்து, இவ்வாண்டின் முதல் அவரைக்காய்களுக்கு நார் உரித்துக்கொண்டிருக்கிறார்.