ஏடு எரிந்தது, உரிமையும் எரிந்ததா?

களத்திற்கு அனுப்ப வேண்டுமென்றால் வீரனை வீடு தேடி வந்து அழைக்கிறது அரசு. அதே வீரன் உடல் ஊனமுற்றுத் திரும்பி உதவித்தொகை கேட்டால், "காயமுற்றதற்குச் சான்று எங்கே?" என்று வினவுகிறது. அந்தச் சான்றை வைத்திருந்ததும் அரசு, இழந்ததும் அரசு என்றால், பழியைச் சுமப்பவர் யார்?

அமெரிக்க நாட்டிலே எழுந்த கேள்வி இது. செயிண்ட் லூயிஸ் நகரை அடுத்த ஓவர்லாந்தில் இருந்த படைவீரர் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்தது. 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் ஏடுகளில் நூற்றுக்கு 80 பங்கு போயிற்று. இரு உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் நின்றவர்களின் ஏடுகள் அவை. படியெடுத்தும் வைக்கவில்லை!

இருபக்கச் சான்றும் சமமாக நின்றால் தீர்ப்பு வீரன் பக்கமே சாயவேண்டும் என்கிறது அந்நாட்டுச் சட்டம். அரசின் கையிலிருந்த ஏடு தொலைந்த வழக்குகளில், மறுப்புக்கான காரணத்தை இன்னும் விரிவாக விளக்கும் கடமை முறையீட்டு வாரியத்துக்கு உண்டு என்று 1991இல் நீதிமன்றம் கூறிற்று. நல்ல சொல்தான். ஆனால், ஏடு தொலைந்ததைக் கொண்டே அரசுக்கு எதிராக முடிவுகட்ட இயலாது என்று 2006இல் மேல் நீதிமன்றம் உரைத்துவிட்டது. பரிவு பிறந்தது, பளு இடம் மாறவில்லை.

ஆகவே, முதுமை எய்திய வீரனே சான்று தேடிப் புறப்படுகிறான். உடன் நின்ற தோழனின் உறுதிமொழி, களத்திலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதம், படைப்பிரிவின் அன்றாடக் குறிப்பு ஆகியவற்றைத் திரட்டி முறையிட வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று வழிகளைத் திறந்தது. புதிய சான்றுடன் துணை மனு, மூத்த அலுவலரின் மறுஆய்வு, வாரியத்திடம் முறையீடு. இவற்றுள் மறுஆய்வில் புதிய சான்றுக்கு இடமே இல்லை. ஏடிழந்தவனுக்கு அந்த வாயிலால் பெரும்பயன் என்ன? ஓராண்டு கடந்தால், முதல் மனு நாள் தொட்டு வரவேண்டிய தொகையும் கைநழுவும். சான்று சொல்ல வேண்டிய தோழனோ கல்லறையில் உறங்குகிறான்!

அடகு நகையைத் தொலைத்துவிட்ட வட்டிக்கடைக்காரன், "நகை வைத்தாய் என்பதற்கு அந்த நகையையே காட்டு" என்றால் ஊர் ஒப்புமா?

நம் நாட்டு உச்சநீதிமன்றம் 2013இல் தந்த தீர்ப்பை இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். படையில் சேர்ந்தபோது நோய்க்குறிப்பு ஏதும் எழுதப்படவில்லையெனில், அவன் நலமுடனே சேர்ந்தான் என்று கொள்ளவேண்டும்; மெய்ப்பிக்கும் சுமை அவன் மீதில்லை; நியாயமான ஐயத்தின் பயன் அவனுக்கே என்றது அத்தீர்ப்பு. ஏட்டின் மௌனம் அங்கே வீரனுக்குப் பகையாகவில்லை, துணையாயிற்று. அதுவே அறம்.

தோழர்களே! உங்கள் ஊரிலும் ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்ட முன்னாள் வீரர் இருக்கலாம். அவர் இல்லம் செல்லுங்கள். மறுப்பாணையைப் படித்துக் காட்டுங்கள். உடன் பணியாற்றியோர் உயிரோடிருக்கும்போதே அவர்தம் வாக்குமூலத்தைப் பெறுங்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு வரை துணை நில்லுங்கள். நாம் கேட்பது இரக்கமன்று. காக்கத் தவறியவனே கணக்குத் தீர்க்கவேண்டும் என்னும் நீதி!